தீவுக்குப் போன காமிராக்கள்

‘டாக்குமெண்டரி’ என்ற சொல்லுக்குப் பிறந்தநாள் உண்டு. 1926 பிப்ரவரி 8 அன்று ‘நியூயார்க் சன்’ நாளிதழில் வந்த ஒரு திரைப்பட மதிப்புரையில், ஜான் கிரியர்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் ஒரு படத்துக்குப் பொருத்தி எழுதினார். பயணப் படங்களைக் குறிக்கப் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு முன்பே அதைப் புழங்கி வந்தார்கள் என்பது வேறு விஷயம். கிரியர்சன் எழுதியது ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் ‘மோவானா’வைப் பற்றி. பசிபிக் பெருங்கடலில், சமோவாவின் சவாயி தீவில், சஃபூனே என்ற கிராமத்தில் எடுக்கப்பட்ட படம் அது. ஆக, நாம் தமிழில் ஆவணப்படம் என்று பெயரிட்டு அழைக்கும் கலையின் தொட்டில் ஒரு தீவில் ஆடியிருக்கிறது.

அந்த முதல் ஆவணம் எந்த அளவுக்கு ஆவணம் என்பது சுவையான கேள்வி. ஃப்ளாஹர்ட்டி 1923-ல் மனைவி மக்களோடு அங்கே போய் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தார். படத்தில் நாம் காணும் குடும்பம் உண்மையில் ஒரே குடும்பம் அன்று. முகம் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தவர்கள். மேல்நாட்டுத் துணி உடுத்தப் பழகிவிட்டவர்களுக்கு மீண்டும் மரப்பட்டைத் துணி உடுத்தினார். மிஷனரிகளின் செல்வாக்கால் அருகிக்கொண்டிருந்த பச்சை குத்தும் சடங்கைப் படத்துக்காக நடத்தினார். நாயகனாக வரும் இளைஞர் வாரக்கணக்கில் உண்மையான ஊசியையும் உண்மையான வலியையும் தாங்கினார். சடங்கு புனைவு, ரத்தம் நிஜம். ஆவணப்படத்தின் அறச்சிக்கல்கள் முழுவதும் அந்த ஒரு காட்சியிலேயே இருக்கின்றன என்பேன்.

அது மௌனப் படம். சவாயி மக்கள் சிரிக்கிறார்கள், பேசுகிறார்கள், பாடுகிறார்கள். எதுவும் காதில் விழுவதில்லை. குழந்தைப் பருவத்தில் அந்தத் தீவில் இருந்த மோனிகா ஃப்ளாஹர்ட்டி, இயக்குநரின் மகள், 1975-ல் சஃபூனேக்குத் திரும்பிச் சென்றார். தந்தையின் ‘லூசியானா ஸ்டோரி’க்கு ஒளிப்பதிவு செய்த ரிச்சர்ட் லீகாக்கும் உடன் போனார். அலையோசை, பறவைகளின் ஒலி, சமோவா மொழிப் பேச்சு, பாடல்கள் என்று பதிவு செய்து வந்து, அப்பாவின் மௌனப் படத்தோடு இணைத்தார். 1980-ல் அந்த வேலை முடிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வாயசைத்தவர்களுக்கு வேறு தொண்டைகள் குரல் கொடுத்தன. உருவத்துக்கும் குரலுக்கும் இடையில் அரை நூற்றாண்டு இடைவெளி.

தீவு மனிதர்களைப் பற்றிய ஆவணப்படங்களின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த இடைவெளிதான் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. அவர்களுடைய உருவத்தை உலகம் எப்போதும் ஆவலோடு வாங்கிக்கொண்டது. கட்டுமஸ்தான உடல், அலை, படகு, வலை, அந்திச் சூரியன் எல்லாம் விலைபோயின. அவர்களுடைய பேச்சு என்று வரும்போதுதான் தாமதமும் தடையும் தணிக்கையும் வருகின்றன. கடலிலிருந்து வெகு தொலைவில், ஏலகிரி மலையில் இருந்துகொண்டு இதை எழுதுவது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். எங்கள் வட ஆற்காட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஃப்ளாஹர்ட்டியின் அடுத்த பெரிய தீவுப் படம் ‘மேன் ஆஃப் ஆரன்’. 1934-ல் வெளியானது. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஆரன் தீவுகள். மண்ணே இல்லாத பாறைமேல் கடற்பாசியையும் மணலையும் கொட்டி உருளைக்கிழங்கு பயிரிடும் மக்கள். இங்கும் குடும்பம் செயற்கைக் குடும்பம். படத்தின் உச்சக்காட்சி, சிறு படகில் போய் ராட்சதச் சுறாவை ஈட்டியெறிந்து பிடிப்பது. தீவில் அந்த வேட்டை வழக்கொழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மீனவர்களுக்கு அதை ஆள் வைத்துக் கற்றுக்கொடுத்து எடுத்தார்கள். கொந்தளிக்கும் கடலில் அவர்களைப் படகோட்டச் சொன்னதை நினைத்து ஃப்ளாஹர்ட்டியே பின்னாளில் வருந்தியிருக்கிறார். அவ்வாண்டு வெனிஸ் விழாவில் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. விருதின் பெயர் முசோலினி கோப்பை. இயற்கையோடு மல்லுக்கு நிற்கும் மாவீரனின் உருவத்தை ரசிக்க அன்றைய இத்தாலிக்கு அதற்கே உரிய காரணங்கள் இருந்தன.

படம் எதைச் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். ஆரன் மக்கள் அவ்வளவு வறண்ட பாறையில் ஏன் ஒண்டிக் கிடந்தார்கள், நிலம் யாருடைய கையில் இருந்தது, வாடகையை யார் வாங்கிப் போனார்கள் என்ற கேள்விகளுக்குப் படத்தில் இடமில்லை. கடல் மட்டுமே அவர்களுடைய எதிரி என்று படம் சொல்கிறது. நிலச்சுவான்தாரைக் காட்டவேண்டுமானால் யாராவது வாய் திறந்து பேசவேண்டும். ‘மேன் ஆஃப் ஆரன்’ ஒலியுள்ள படம். ஆனால் அதில் பேச்சு கிட்டத்தட்ட இல்லை. நடித்த தீவுக்காரர்களைப் பின்னர் லண்டனுக்கு அழைத்துப் போய்ச் சில சொற்களை ஆங்கிலத்தில் பேசவைத்து, காற்றோசைக்கும் இசைக்கும் நடுவே தூவினார்கள். அவர்களுடைய தாய்மொழி ஐரிஷ். 1978-ல் ஜார்ஜ் ஸ்டோனி என்ற அமெரிக்க இயக்குநர் அதே தீவுக்குப் போய், ‘அந்தப் புராணம் உருவான விதம்’ என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு படம் எடுத்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அத்தீவின் மக்கள் அந்தப் படத்தைப் பற்றித் தாங்களே பேசினார்கள்.

இங்கே ஒரு பெயரொற்றுமையைச் சொல்லாமல் போக மனமில்லை. ‘டாக்குமெண்டரி’க்குப் பெயர் வைத்தவர் ஜான் கிரியர்சன். இந்திய மொழிகளைக் கணக்கெடுத்தவர் ஜார்ஜ் ஆப்ரஹாம் கிரியர்சன். இந்திய மொழியளவைக்குத் தலைமை தாங்கிய பின்னவரின் முயற்சியால், 1910-களிலும் 1920-களிலும் இந்தியாவெங்கும் மக்கள் பேச்சு கிராமபோன் தட்டுகளில் பதிவாயிற்று. மொழியளவையின் நூல் தொகுதிகளில் பெரும்பாலும் விடுபட்டிருந்த சென்னை மாகாணத்திலும் தட்டுகள் பதிவாயின. இன்று அவற்றை இணையத்தில் கேட்கலாம். கேட்டால் ஒரு விசித்திரம் புலப்படும். எந்த மொழிக்காரராயினும் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்: விவிலியத்தில் வரும் ஊதாரி மகனின் கதை. ஒப்பிட வசதியாக எல்லாருக்கும் அதே பாடத்தைக் கொடுத்துவிட்டார்கள். குரல் அவருடையது, கதை அவருடையதல்ல. குரலைப் பதிவு செய்வதும் குரல் கொடுப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

இனி நம் பக்கத்துத் தீவுகளுக்கு வருவோம். அந்தமான் மக்களைப் படம்பிடிக்கும் வழக்கம் மிகப் பழையது. மாரிஸ் விடல் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி 1890-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அவர்களை வரிசையாக நிறுத்திப் புகைப்படங்கள் எடுத்துக் குவித்தார். அதே போர்ட்மன்தான் 1880-ல் வட சென்டினல் தீவிலிருந்து இரண்டு முதியவர்களையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனவர். முதியவர்கள் இருவரும் நோய்ப்பட்டு இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பினார். அத்தீவின் மக்கள் பிற்காலத்தில் வந்தவர்களையெல்லாம் அம்பால் எதிர்கொண்டதற்கு இந்த நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

1974-ல் ‘மேன் இன் சர்ச் ஆஃப் மேன்’ என்ற ஆவணப்படத்துக்காகப் படக்குழுவினர், மானிடவியலாளர்களோடும் போலீசாரோடும் வட சென்டினலுக்குப் போனார்கள். கரையில் தேங்காய், பாத்திரம், பொம்மை, கட்டிப்போட்ட பன்றி என்று காணிக்கைகளை இறக்கினார்கள். கரையிலிருந்து வந்த அம்புகளில் ஒன்று இயக்குநரின் தொடையில் பாய்ந்தது. மனிதனைத் தேடிப் போன படத்துக்கு மனிதன் தந்த பதில் அது. சென்டினல் மக்களின் மொழி இன்றுவரை வெளியார் எவருக்கும் தெரியாது. அந்த அம்பை நான் ஒரு வாக்கியமாகத்தான் படிக்கிறேன். பொருள் விளங்காத வாக்கியம் அல்ல.

பெரிய அந்தமானியரின் கதை நேர்மாறு. ‘போ’ மொழி பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் காலமானார். தன் மொழியில் உரையாட ஒருவரும் இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி அவருடைய பேச்சையும் பாட்டையும் பதிவு செய்யாதிருந்தால் ஒரு மொழி அரவமில்லாமல் போயிருக்கும். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 2012 ஜனவரியில், ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கு முன் ஆடச் சொல்லும் ஒரு வீடியோ லண்டன் பத்திரிகை வழியாக வெளியாகி உலகெங்கும் பரபரப்பானது. ஆட்டுவித்தவனின் கட்டளைக் குரல் அதில் தெளிவாகக் கேட்கிறது. போர்ட்மன் காலத்துக் கண்ணாடித் தட்டிலிருந்து கைபேசி வரை கருவிகள் எவ்வளவோ மாறின. காமிராவுக்கு எந்தப் பக்கம் இருப்பவர் பேசுகிறார் என்பது மாறவில்லை.

அந்தமான் அம்பு எய்யப்பட்ட அதே 1974-ல்தான் நம் தீவு மக்களின் தலையெழுத்தை மாற்றிய ஓர் ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போனது. அந்தோணியார் கோயிலுக்குப் போகும் உரிமை ஏட்டில் இருந்தது. 1976-ல் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களுக்குப் பின் எல்லை தாண்டி மீன்பிடிக்கும் வழி அடைந்தது. ராமேசுவரம் தீவின் மீனவர்களைக் கேட்டு எழுதப்பட்டவை அல்ல இவை. தீவின் கிழக்கு முனையான தனுஷ்கோடி அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்பே அழிந்திருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. ஊர் குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இருந்தும் மீனவக் குடும்பங்கள் அங்கேயே குடிசை போட்டுக்கொண்டு மின்சாரமின்றி வாழ்ந்தன. அரசின் கணக்கில் மனிதர் இல்லாத ஊரில் மனிதர் இருந்தார்கள். இலங்கைப் போரின் ஆண்டுகளில் அகதிகள் படகிறங்கிய மணல்திட்டும் அதுதான்.

இந்த மணலில்தான் லீனா மணிமேகலை ‘செங்கடல்’ எடுத்தார். லீனாவின் திரைவாழ்க்கை கடலில் தொடங்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில் அவர் எடுத்த முதற்படமான ‘மாத்தம்மா’ எங்கள் வட ஆற்காட்டு மண்ணில், அரக்கோணம் வட்டாரத்தில் பிறந்தது. மாத்தம்மா என்னும் தெய்வத்துக்குப் பெண்குழந்தைகளை நேர்ந்துவிடும் வழக்கம் அருந்ததியர் மக்களிடையே இருந்தது. அப்படி நேர்ந்துவிடப்பட்டவர்களைப் பற்றிய படம் அது. தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த வட்டாரத்தில், தோலோடு தலைமுறை தலைமுறையாகப் பிணைக்கப்பட்ட சமூகம் அருந்ததியருடையது. ஊருக்குள்ளேயே ஊரிலிருந்து அறுக்கப்பட்ட அத்தகைய தெருக்களில் படம் எடுக்கக் கற்றவர், பிறகு கடல் நடுவே அறுபட்ட ஒரு முனைக்குப் போனதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது.

‘செங்கடல்’ சுத்தமான ஆவணப்படம் அன்று, கதைப்படமும் அன்று. தனுஷ்கோடி மீனவர்களும் ஈழ அகதிகளும் அவரவராகவே நடித்தார்கள். ஆவணப்படம் எடுக்க வரும் மணிமேகலை என்ற பெண்ணாக இயக்குநரே நடித்தார். இந்த உத்தியைத் தன்முனைப்பு என்று அன்று சிலர் குறை கூறினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃப்ளாஹர்ட்டி தன்னைக் காமிராவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தீவைத் தானாகப் பேசும் இயற்கை போலக் காட்டினார். இங்கே வெளியாள் வெளியாளாகவே சட்டகத்துக்குள் நிற்கிறாள். இது இவள் கேட்டு வாங்கிய பேச்சு என்பது பார்வையாளனுக்கு மறைக்கப்படவில்லை. நேர்மை என்று இதைத்தான் சொல்லவேண்டும். ஆனால் படம் முழுக்க இதே சமன் காக்கப்படுகிறது என்று சொல்லமாட்டேன். இயக்குநரின் கோபம் சில இடங்களில் மீனவரின் கோபத்தை முந்திக்கொண்டு பேசிவிடுகிறது.

படத்தின் எழுத்தில் பங்குகொண்டு, மனம் பிறழ்ந்த அகதி சூரியாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அவரே ஒரு தீவுக்காரர் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1967-ல் பிறந்தவர். குடாநாட்டின் மையத்தில் இருப்பவர்கள் தீவுப் பகுதி மக்களைத் ‘தீவார்’ என்று ஒரு மாதிரி உதட்டைச் சுழித்துச் சொல்லும் வழக்கம் உண்டு. ஈழத் தமிழர் என்ற ஒற்றை அடையாளத்துக்குள் எத்தனை ஏற்ற இறக்கங்கள் இருக்கின்றன என்பதை 2001-ல் வந்த அவருடைய ‘கொரில்லா’ நாவலைப் படித்தவர்கள் உணர்ந்திருப்பார்கள். அல்லைப்பிட்டி 2006 மே மாதத்தில் பதின்மூன்று பொதுமக்களின் படுகொலைச் செய்தியாக ஒருமுறை உலக நாளிதழ்களில் வந்து மறைந்தது. அந்தத் தீவில் பிறந்த ஒருவர் இந்தத் தீவின் மணலில் நின்று பேசியபோது, படத்துக்கு வெளியிலிருந்து ஒட்டமுடியாத ஒரு குரல் கிடைத்தது. அவரே 2015-ல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற ‘தீபன்’ படத்தின் நாயகனாகவும் ஆனார்.

2011-ன் தொடக்கத்தில் சென்னைத் தணிக்கைக் குழு ‘செங்கடல்’ படத்துக்குச் சான்றிதழ் தர மறுத்தது. மறுப்புக்குச் சொன்ன காரணங்களைக் கவனிக்கவேண்டும். இந்திய, இலங்கை அரசுகளை இழித்துரைக்கும் அரசியல் கருத்துகள் இருக்கின்றன, அவைக்கு ஒவ்வாத சொற்கள் இருக்கின்றன என்பவை அவை. ஆட்சேபம் காட்சிக்கு எழவில்லை, பேச்சுக்கு எழுந்தது. சுடப்பட்ட மீனவனின் உடல் நம் தொலைக்காட்சிகளில் பலமுறை வந்ததுதான். அவனுடைய உறவுக்காரி கரையில் நின்று எந்தச் சொல்லால் யாரைத் திட்டுவாளோ, அந்தச் சொல்தான் அனுமதிக்கமுடியாததாக இருந்தது. கடற்கரையில் நின்று அழுகிறவளிடம் நாடாளுமன்ற நாகரிகத்தை எதிர்பார்த்த அந்தக் குழுவை எண்ணிச் சிரிக்கத்தான் தோன்றுகிறது. இயக்குநர் டெல்லியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அது 2011 ஜூலையில் வெட்டு எதுவுமின்றி வயதுவந்தோர் சான்றிதழ் தந்தது. அவ்வாண்டு கோவா திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமாவிலும் படம் இடம்பெற்றது. அந்தத் தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று அப்படி ஒரு படத்தோடு நிற்பவர் உயர் நீதிமன்றப் படியேறவேண்டும். சிறிய படக்காரர்களில் எத்தனை பேரால் அது முடியும்?

அதற்குப் பிறகு தீவில் நிறைய மாறிவிட்டது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலமும் வந்துவிட்டது. தனுஷ்கோடிக்கு நாள்தோறும் காமிராக்கள் போகின்றன. இடிந்த தேவாலயத்தை வானத்திலிருந்து சுழன்று சுழன்று காட்டி, ‘பேய் நகரம்’ என்று பின்னணியில் ஒருவர் நடுங்கும் குரலில் சொல்லும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேவாலயத்துக்குச் சற்றுத் தள்ளிச் சங்கு மாலை விற்கும் பெண் அந்தப் படங்களில் வருவதில்லை. பேய் நகரத்தில் ஆள் இருந்தால் கதை கெட்டுவிடும் அல்லவா.

நம்பிக்கை தருவது வேறோரிடத்தில் நடந்தது. 2016 ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் ‘கடல் ஓசை’ என்ற மீனவர் சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் தொடங்கியது. காற்று, நீரோட்டம், மீன் விலை, பாட்டு, பழைய நினைவுகள். உருவமே இல்லாமல் குரல் மட்டும். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்கா ஆனபின், அங்கே தலைமுறைகளாகக் கடற்பாசி எடுத்துவந்த பெண்கள் திடீரென்று அத்துமீறுபவர்கள் ஆனார்கள். சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிற அந்தப் பெண்களைப் புகைப்படக்காரர் எம். பழனிக்குமார் கடலுக்குள்ளேயே போய்ப் படமெடுத்து, ‘பாரி’ இணையதளத்தில் அவர்கள் சொன்னவற்றோடு சேர்த்து வெளியிட்டார். சின்னப்பாலத்தின் லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தபோது, தீவின் பாசிப்பெண்களுக்கு முதன்முறையாக வெளியுலகில் ஒரு பெயர் கிடைத்தது.

இப்போது எங்கள் மலைக்கு வருகிறேன். ஏலகிரியைத் தீவு என்று சொன்னால் அலங்காரமாகத் தோன்றும். ஆனால் நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். ஜவ்வாது, ஏலகிரி, சித்தேரி, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லி என்று சமவெளி நடுவே ஒன்றுக்கொன்று ஒட்டாமல் எழும்பி நிற்கும் மலைகள். அவை அனைத்திலும் ஒரே மக்கள்: மலையாளிகள். தீவுக்கூட்டம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு ஏது? நடுவில் கடலுக்குப் பதில் ரயில்பாதையும் நெடுஞ்சாலையும் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளும் இருக்கின்றன. பொன்னேரியிலிருந்து ஏறும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். மேலே பதினான்கு சிற்றூர்கள். ஏரியில் படகு, கோடை விழா, விடுதிகள். மலையைப் படமெடுக்காமல் இறங்குகிற பயணி ஒருவரும் இல்லை.

ஆனால் இந்த மக்கள் யார் என்று வெளியார் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. 1909-ல் தர்ஸ்டன் தன் தொகுதிகளில் இவர்களைக் காட்டுக்குடிகள் அல்லர், சமவெளியிலிருந்து பிற்காலத்தில் மேலேறிய தமிழ் உழவர் என்ற கருத்தை எழுதிவைத்தார். பட்டியல் பழங்குடியினருக்கான அரசாணை இவர்களைப் பழங்குடி என்கிறது, ஆனால் சில மாவட்டங்களில் மட்டும். பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அந்த வரிசையில் இல்லாததால், ஈரோட்டுப் பர்கூர் மலையில் வாழும் இதே சமூகத்தார் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். ஒரு கலெக்டர் எல்லைக்கோட்டில் ஒருவருடைய வம்சம் மாறிவிடுகிறது. கீழே இறங்கிப் போனால் பெயரைக் கேட்டு ‘கேரளாவா?’ என்று கேட்பவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் இருபது பேரைச் சுட்டுக்கொன்றபோது, ஜவ்வாது, சித்தேரி மலையாளிகள் பலர் அதில் இறந்தார்கள். உடல்கள் கிடந்த கிடையைத் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. செம்மரம் வெட்டும் கூலிக்கு அவர்களை மலையிலிருந்து இறக்கியது எது என்று அம்மலைகளின் வீடுகளில் கேட்டுப் பதிந்தவர்கள் சொற்பம்.

பள்ளத்தாக்குக்கு ஒரு படம் உண்டு. ஆர்.ஆர். சீனிவாசனின் ‘என் பெயர் பாலாறு’. 1999 ஜூலையில் தாமிரபரணியில் மாஞ்சோலைத் தொழிலாளர் பேரணியில் பதினேழு பேர் இறந்ததை ‘நதியின் மரணம்’ என்று ஆவணமாக்கியவர் அவர். பாலாற்றின் மணலும் தண்ணீரும் எப்படிப் போயின என்பதை ஆற்றோரத்து உழவர்கள், தொழிலாளர்களின் வாயாலேயே சொல்லவைத்த முழுநீளப் படம் இது. தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லும் பிறகு 2025 ஜனவரியிலும் விரிவான தீர்ப்புகள் தந்தது. தீர்ப்புகளைப் படித்தபின் இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு, வழக்கின் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனிதரின் இருமல் சத்தமும் காதில் விழும். தலைப்பில் ஆறு தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மலைக்கு அப்படி ஒரு படம் எடுக்க வருகிறவர் ட்ரோனைக் கீழேயே வைத்துவிட்டு, ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியோடு வரட்டும். மலையாளிகள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கதை இருக்கிறது. மலைக்கு மலை அது சற்று மாறும். காஞ்சியிலிருந்து கிளம்பி மேற்கே நடந்தவர்களுக்கு வழிகாட்டியிருக்கக்கூடியது பாலாறுதான் என்பது என் ஊகம். ஆற்றின் கரையோடு வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி வந்தால் இடப்பக்கம் தெரிகிற மலை இது. அந்தக் கதையை ஜவ்வாதில் ஒருவர், ஏலகிரியில் ஒருவர், பர்கூரில் ஒருவர், கொல்லியில் ஒருவர் என்று அவரவர் பேச்சில் சொல்லக் கேட்டு அடுத்தடுத்து வைத்தால் எப்படி இருக்கும்? ஊதாரி மகனின் கதையை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவேண்டியதில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டவர்கள். கோடை விழா முடிந்து கூட்டம் இறங்கிய பிறகு வந்தால் நிதானமாகப் பேசுவார்கள்.